பச்சைக் கல்லுக்குப் புதுச் சீட்டு

என் பிரியமுள்ள செல்லையா அண்ணனுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். சந்தையில் இப்போது கிலோ என்கிறார்கள்; பூண்டு விற்கப் போகும் நான் இன்னும் வீசை என்றுதான் சொல்கிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். உனக்கு எழுத வந்தது வேறு விஷயம். உன் பச்சைக் கல் ஜெயித்துவிட்டது.

ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு விட்டுப்போன பெட்டியில், பெயர்ச் சீட்டு உதிர்ந்துபோய்க் கிடந்ததே, அவரைக்கொட்டை அளவில் ஒரு கல்? ஆய்வுக்கூட உதவியாளனான நீதான் அதை முதலில் கையில் எடுத்தாய். கரும்பச்சை. கத்தி பட்டால் கீறல் விழும், அளவுக்கு மீறிக் கனக்கும். மாலகைட் என்ற செம்புக்கல் என்று நினைத்து ஒரு துணுக்கில் அமிலம் விட்டாய். மாலகைட்டானால் நுரைக்கும்; இது நுரைக்கவில்லை, சத்தமில்லாமல் கரைந்தது. அப்படியானால் செம்பு கலந்த பாஸ்பேட்டாக இருக்கலாம், ஆர்சனேட்டாகவும் இருக்கலாம், இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி என்றாய். கரித்துண்டில் வைத்து ஊதிச் சூடாக்கினால் ஆர்சனேட்டில்தான் பூண்டு வாடை வரும். அதற்குள் இருக்கும் பாஷாணத்தின் வாடை அது.

நல்ல சோதனைதான். ஆனால் அதை ஏன் அண்ணே நம் வீட்டு அடுப்படியில் செய்தாய்? தலைக்கு மேலே நான் கட்டித் தொங்கவிட்ட மலைப்பூண்டு அத்தனையும் புகையில் காய்ந்துகொண்டிருந்தது.

"பூண்டு வாடை வருதுல்ல?" என்று நீ குதித்தாய்.

"இந்த வீட்ல அது என்னைக்கு வராம இருந்துச்சு?" என்றேன் நான்.

மறுநாள் அறிவியல் வாத்தியாரும் அதையேதான் சொன்னார். இன்னொரு துணுக்குக் கேட்டாய். அரிய கல்லைச் சுரண்டித் தீர்க்காதே என்று அலமாரியைப் பூட்டிவிட்டார். பாஸ்பேட் வரிசையில் அதை வைத்து, சீட்டையும் உன் கையாலேயே எழுத வைத்தார். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. நான் பூண்டைக் கழற்றவும் இல்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. எப்படி இருந்திருக்கும் உனக்கு?

போன வாரம், புதிதாக வந்திருக்கும் டீச்சரம்மா அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது உன் நோட்டைப் படித்துவிட்டு எனக்கு ஆளனுப்பினார். ஓடினேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க சேலையிலயே பூண்டு வாசம் அடிக்குது. அந்த மரத்தடியில நில்லுங்க."

நின்றேன். சாரல் வேறு. திறந்த சன்னல் வழியாக, கரித்துண்டின் மேல் சுடர் சாய்வது தெரிந்தது. உனக்காக மட்டுமா வேண்டிக்கொண்டேன்? என் மேல் இருக்கிற பழியும் போகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

டீச்சரம்மா எட்டிப் பார்த்தார். "அங்கேயேதான நின்னீங்க?"

"அசையலீங்க."

"அப்ப இது கல்லோட வாசந்தான். மூக்கைத் தொளைக்குது. உங்க அண்ணன் சொன்னது சரிங்கக்கா."

அழுதேன் அண்ணே. சந்தோஷமாகத்தான் அழுதேன்.

கல்லை ஆர்சனேட் வரிசைக்கு மாற்றிவிட்டோம். புதுச் சீட்டை என்னையே எழுதச் சொன்னார். 'கண்டறிந்தவர்: அண்ணன்' என்று எழுதிவிட்டேன். "பேரு எழுதுங்கக்கா" என்று சிரித்தார். இன்னொரு சீட்டு வாங்கி உன் முழுப்பெயரையும் எழுதினேன்.

வாத்தியார் இப்போது ஓய்வு பெற்று வத்தலக்குண்டில் இருக்கிறாராம். வரும் ஞாயிறு காலையிலேயே பஸ் ஏறப்போகிறேன். சண்டைக்கு இல்லை. 'செல்லையா சொன்னதுதான் சரி' என்று அவர் வாயால் கேட்காமல் திரும்ப மாட்டேன், இது சத்தியம். ஆனால் அவருக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டியவள் நான். நீ சொன்னதுதான் சரி, அண்ணே.

இப்படிக்கு,
உன் மூக்கை நம்பாமல் போன
உன் தங்கை