ஒண்டி ஆளுக்கு ஒரு குட்டிக் குக்கர்

என் ஆசைப் புருஷனுக்கு,

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பகல் வேலை, உங்களுக்கு ராத்திரி ஷிப்ட். அதனால் நம் வீட்டில் கரண்டி உங்கள் கையிலேயே இருந்தது. "நீ போய் உட்காரு கஸ்தூரி, தட்டு வரும்" என்பீர்கள். வந்தது. இப்போது யார் கொண்டு வருவார்கள்? சொல்லாமல் கொள்ளாமல் கண்ணை மூடிவிட்டீர்களே, எனக்குக் கோபம் வராதா?

முதலில் பன்னும் டீயுமாக ஓட்டினேன். ஒருநாள் ரோஷம் வந்து நம் பெரிய குக்கரை எடுத்தேன். ஒரு கைப்பிடி அரிசி, அதற்கேற்ற தண்ணீர். மூடிவிட்டு விசிலுக்குக் காத்திருந்தேன். எங்கே வரும்? அவ்வளவு பெரிய குக்கரில் அந்தத் துளித் தண்ணீர் எந்த மூலைக்கு? அடியோடு தீய்ந்து, புகை படிக்கட்டு வரை போய்விட்டது. கீழ் வீட்டு மல்லிகா பயந்துபோய் என் தம்பி குமாருக்குப் போன் போட்டுவிட்டாள்.

ஆவடியிலிருந்து ஓடி வந்தான். "இன்னாக்கா, ஒண்டியா இருந்துகினு ஊட்ட கொளுத்திக்கப் போறியா? சாமான கட்டு. ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துகினு வரேன். எங்க ஊட்ல ஒனக்கு ஒரு தட்டு சோறு இல்லியா?"

பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் போனால் நம்முடைய இந்த நசரத்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டுவிடுவான். அப்புறம் நான் எங்கே திரும்பி வருவது?

மறுநாளே பூந்தமல்லிக்குப் பஸ் ஏறி ஒரு குட்டிக் குக்கர் வாங்கினேன். அரை டம்ளர் அரிசி, ஒரு பிடி பாசிப்பருப்பு, தக்காளி, பச்சைமிளகாய், பூண்டு, மஞ்சள், உப்பு, எல்லாம் ஒன்றாகப் போட்டுத் தாராளமாகத் தண்ணீர் விட்டேன். வெந்ததும் மேலே நெய்யில் சீரகம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. முதல் தடவை களியாகிவிட்டது, அடுத்த தடவை உப்புக் கரித்தது. விடுவேனா? சனிக்கிழமைக்குள் பதம் பிடிபட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தட்டில் போட்டு உட்காரும்போது குமார் வந்து நின்றான். "இன்னாக்கா, வாசன தூக்குது?" தட்டை அவன் பக்கம் தள்ளினேன். அள்ளி அள்ளித் தின்றான். வழித்து நக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்றான்.

குக்கரைக் கவிழ்த்துக் காட்டினேன். "காலிடா. இது ஒண்டி ஆள் சமையல். இனிமே என் ஊட்டுக்கு வர்றதா இருந்தா போன் பண்ணிட்டு வா."

முறைத்தான். அப்புறம் சிரித்துவிட்டான். "நீ கெளம்ப மாட்ட, அதான?"

"மாட்டேன்."

வண்டி காலியாகத்தான் ஆவடிக்குத் திரும்பியது. அவன் போனதும் அழுதேன். நான் சமைத்து நீங்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே! பிறகு பசித்தது. எழுந்து இன்னொரு அரை டம்ளர் அரிசி களைந்து போட்டேன்.

அடுத்து உங்கள் வத்தக்குழம்புதான். உங்கள் கைப்பக்குவம் வராவிட்டால் போகட்டும், என் நாக்குக்குப் பிடித்தால் போதும். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வேளையும் பட்டினி கிடக்கமாட்டேன். யார் வந்து கூப்பிட்டாலும் இந்த வாசலைத் தாண்டிக் குடிபோகவும் மாட்டேன்.

இங்கேயே இருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி
கஸ்தூரி