மெய் லீ என்று ஒருத்தி

ஜனவரி 17, சனி

ரூம் கிடைக்கவில்லை.

காலையில் போனில் மாண்டரினில் பேசியபோது அந்தச் சீன வீட்டுக்கார ஆன்டிக்கு என்னை அவ்வளவு பிடித்திருந்தது. "வா வா, ஜன்னல் பக்கத்து ரூம், காத்து நல்லா வரும்" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸ். ஆபீசுக்கு நடந்தே போகலாம், பண்டமாரான் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் நசுங்கி வர வேண்டியதில்லை. கதவைத் திறந்து என் தமிழ் முகத்தைப் பார்த்ததும் பாதிக் கதவோடு நின்றுவிட்டார். "ஐயோ, என் தங்கச்சி மகளுக்குக் கொடுத்துட்டேனே!" எப்போது கொடுத்தாராம்? நான் லிஃப்டில் ஏறி வருவதற்குள்ளா?

சாயந்திரம் பார்க்கிறேன், விளம்பரம் அப்படியே இருக்கிறது.

சீனப் பள்ளியில் படித்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்பார் அப்பா. திறக்கத்தான் செய்கிறது. ஆளைப் பார்த்த பிறகுதான் மூடுகிறார்கள்.

ஜனவரி 20

"மெய் லீ பேசுறேன், உங்க வாஷிங் மெஷினுக்கு என்ன பிரச்சினை?" – கால் சென்டரில் இன்றும் பொழுது இப்படியே போயிற்று. மெய் லீ, ஒன்றாம் வகுப்பு டீச்சர் எனக்கு வைத்த சீனப் பெயர். ஹொக்கியென் சீனம் பேசும் கஸ்டமர்களுக்கு அதுதான் வசதி என்று சூப்பர்வைசர் முடிவு செய்துவிட்டார். பக்கத்து சீட் அஃப்ரினை மட்டும் யாரும் பேர் மாற்றச் சொல்லவில்லை. "எனக்குச் சீனம் தெரியாதுல்ல, தப்பிச்சேன்லா" என்று சிரிக்கிறாள்.

ஜனவரி 24

என் ஜுன் வெய், அவன் நண்பர்களோடு மாமாக் கடையில் டீ. ஒருத்தன் சொல்கிறான்: "நீ இண்டியன் மாதிரியே இல்லலா. வாசனையா இருக்க."

பாராட்டாம்! எல்லாரும் சிரித்தார்கள். ஜுன் வெய்யும் சிரித்தான். நானும் சிரித்தேன், அதுதான் எரிகிறது.

காரில் கேட்டேன். "அவன் நல்லதாத்தானே சொன்னான், எல்லாத்தையும் பெருசு பண்ணாத" என்றான். வழக்கம்போல முச்சந்தி பெட்ரோல் ஸ்டேஷனில் இறக்கிவிட்டான். காதலன் என்றுதான் பேர், எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் அவன் வந்ததே இல்லை. பார்க்கிங் கிடைக்காதாம்.

வீட்டுக்கு வந்து என் கையை நானே முகர்ந்து பார்த்தேன். சீ! என்னை நானே மோந்து பாக்குற அளவுக்கு ஆக்கிட்டானுங்களே.

ஜனவரி 28



ஜுன் வெய் கார் ஓட்டும்போது அவன் அம்மா கூப்பிட்டால் நான்தான் எடுப்பேன். மாதக்கணக்காக இப்படித்தான். சாப்பிட்டாயா, மழையில் நனையாதே, இஞ்சி தட்டிப் போட்டுக் குடி – எங்களுக்குள் ஒரு நேசமே உண்டாகிவிட்டது. ஜுன் வெய்யும் அந்தப் பள்ளிப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான் என்பதால், அவரும் மெய் லீ என்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று கேட்டார்: "உன் குடும்பப் பேர் என்னம்மா? டானா, ஓங்கா? லிம்னு மட்டும் சொல்லிடாத. நாங்களும் லிம். ஒரே பேர்ல கல்யாணம் கட்ட மாட்டோம்."

ஜுன் வெய் போனை வாங்கி, "சிக்னல் இல்லம்மா" என்று வைத்தான்.

அவருக்குத் தெரியாது. இத்தனை மாதமும் என்னைச் சீனப் பெண் என்றே நினைத்திருக்கிறார். இவன் சொல்லவே இல்லை!

"முதல்ல அம்மாவுக்கு உன்னை நல்லா பிடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்புறம்னா? என் முகத்தைக் காட்டுறதா?"

ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.

பிப்ரவரி 1, தைப்பூசம்

பத்துமலை. அம்மாவும் நானும் பால்குடம் எடுத்தோம். படி ஏறும்போது எதுவும் நினைவில் இல்லை, அவ்வளவு நிம்மதி. மஞ்சள் புடவை, நெற்றி நிறைய விபூதி, தலையில் குடம் – அந்தப் போட்டோவைப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் ஜுன் வெய்: "அழகா இருக்க. ஆனா எடுத்துடு ப்ளீஸ். என் தங்கச்சி பார்த்தா அம்மாகிட்ட காட்டிடுவா."

எடுக்கவில்லை.

பிப்ரவரி 8

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் குடும்ப விருந்துக்கு மெய் லீயை அழைத்து வரச் சொல்லியிருக்கிறார் அவன் அம்மா. எனக்காக மீனுக்குக் கூடச் சொல்லி வைத்துவிட்டாராம். "காய்ச்சல்னு சொல்லிடு. புத்தாண்டு முடியட்டும், கண்டிப்பா நானே சொல்றேன்" என்கிறான்.

எனக்கென்ன காய்ச்சல்? என் தோலா காய்ச்சல்?

ஒரு வார்த்தை சொன்னால் அவனையும் இழப்பேன், "சாப்பிட்டாயா" என்று கேட்கும் அந்தக் குரலையும் இழப்பேன். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் மெய் லீ. என்னடி செய்யப் போற மாதவி?

பிப்ரவரி 13

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு இடைவேளையில் படிக்கட்டில் நின்று, அவன் போனில் பார்த்து வைத்திருந்த நம்பரில் அவன் அம்மாவைக் கூப்பிட்டேன். "ஆன்டி, என் பேர் மாதவி. நான் இண்டியன்."

"எந்த மாதவி? மெய் லீ எங்க?"

"மெய் லீயும் நான்தான் ஆன்டி."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "சொல்ல வேணாம்னு சொன்னது என் மகனா?" ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அஃப்ரின் வந்து தண்ணீர் கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை, நல்லவள்.

பிப்ரவரி 14

"எல்லாத்தையும் கெடுத்துட்ட." காதலர் தினத்துக்கு அவன் அனுப்பியது இவ்வளவுதான்.

பிப்ரவரி 16

இந்நேரம் அங்கே விருந்து நடக்கும். எனக்காக வாங்கிய மீனை யார் சாப்பிடுகிறார்களோ.

அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உனக்கென்னடி குறைச்சல்?" என்று ஒரு கத்து கத்தினார். அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்தினார். அப்பா டிவியை அணைத்தார். போகட்டும். தொண்டையில் மாட்டியிருந்த முள் போன மாதிரி இருக்கிறது. வலி மட்டும் மிச்சம்.

பிப்ரவரி 20

சூப்பர்வைசரிடம் கேட்கவே இல்லை. "மாதவி பேசுறேன்" என்று எடுத்தேன். ஒரு அங்கிள், "நீ சீனச்சியா?" என்றார். "இல்ல அங்கிள், இண்டியன்." "ஓ. தண்ணி வெளிய போகல, என்னன்னு பாரு" என்றார். அவ்வளவுதான்! இதற்கா இத்தனை நாள் பயந்தேன்?

பிப்ரவரி 21

அவன் அம்மா கூப்பிட்டார். தன் போனிலிருந்து, என் நம்பருக்கு.

எடுத்ததும் திட்டு. "இத்தனை மாசம் என்னை முட்டாளாக்கிட்டீங்க ரெண்டு பேரும்!" பிறகு குரல் இறங்கியது. "பொய் சொல்ல மாட்டேன். முதல் நாளே இண்டியன்னு சொல்லியிருந்தா போனை வச்சிருப்பேன். இப்ப உன் குரல் இல்லாம வீடு வெறிச்சுனு இருக்கு."

அவர் சொன்னதில் பாதி குத்துகிறது, பாதி தடவுகிறது. நல்லதா கெட்டதா, தெரியவில்லை.

"சரி, உன் குடும்பப் பேர்தான் என்ன?"

"எங்களுக்கு அது கிடையாது ஆன்டி. அப்பா பேர்தான். ஜெயராஜ்."

"அப்போ லிம் இல்ல. நல்லது."

செவ்வாய்க்கிழமை ராத்திரி புத்தாண்டு ஒன்பதாம் நாள் பூஜைக்குக் கரும்பு கட்ட வேண்டுமாம், உதவிக்கு நான் வர வேண்டுமாம். "உங்க மகன் என் வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்டா வரேன்" என்றேன். எங்கிருந்து வந்தது இந்த வாய்!

பிப்ரவரி 24, செவ்வாய்

லீவு போட்டேன். ஆனாலும் அவன் வருவான் என்று நினைக்கவில்லை.

மத்தியானம் வெளியே ஹார்ன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜுன் வெய்யின் கார், பின் கண்ணாடி வழியாகக் கரும்புத் தோகை ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பவும் ஹார்ன். நான் அசையவில்லை. எதிர் வீட்டு மாரியாயி அக்கா கூட வெளியே வந்து பார்த்தார்.

கார்க் கதவு திறக்கும் சத்தம். பிறகு கேட்டைத் தட்டினான். அப்பா போனார்.

"அங்கிள், மாதவி இருக்காங்களா?"

அவன் வாயில் என் பெயர். முதல் தடவை.

அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லிக் கேட்கட்டும் என்று உள்ளேயே நின்றேன்.