நான் கேட்ட வீடு

மார்ச் 4, செவ்வாய்

வீடு கிடைத்துவிட்டது! தம்பி சாயங்காலம் சாவியை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்தான். சொந்த வீடு. மூன்று அறை, எல்லாவற்றிலும் ஜன்னல். இதற்காக எத்தனை வெள்ளிக்கிழமை நான் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு உபவாசம் இருந்திருப்பேன்! ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் பெட்ஷீட் மடிக்கும்போதும் இதே ஜெபம்தான். எதிர்முனையைப் பிடிக்கிறவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருக்கிறேன், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவளே ஒரு நாள், "யாருக்கு வீடு?" என்று கேட்டுவிட்டாள். "எங்களுக்குத்தான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் காலமானதும் தம்பிதான் வந்து என்னைக் கூட்டிப்போனான். அவன் மகள் பாப்பா அப்போது கைக்குழந்தை. இப்போது காலேஜ் கடைசி வருஷம். இன்று சாப்பாட்டுக்கு முன் நான் நன்றி ஜெபம் சொன்னேன். பாதியிலேயே, "அத்தை, கர்த்தருக்குப் புரிஞ்சிடுச்சு. சாப்பாடு ஆறுது" என்கிறாள். வாயாடி. வளர்த்தது நான்தானே, வேறு எப்படி இருப்பாள்?

மார்ச் 6, வியாழன்

பெண்கள் கூட்டத்தில் பாஸ்டரம்மா வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள். "தினமும் ஒரு நன்றி எழுதுங்க. நல்ல நாள்ல யாரும் எழுதுவாங்க. கெட்ட நாள்லயும் தேடி எழுதுங்க."

எனக்கா தேட வேண்டும்! செருப்பு வார் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அறுந்தது, ஸ்தோத்திரம். சூப்பர்வைசர் லீவு, அதற்குப் பெரிய ஸ்தோத்திரம்.

மார்ச் 8, சனி

சாமான் ஏற்றப்போகிற லாரிக்காரர் வந்திருந்தார். எடுத்துப்போக வேண்டியதில் எல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். பீரோ, சாப்பாட்டு மேஜை, பாப்பாவின் கட்டில். என் அறைக்கு வந்தார், எட்டிப் பார்த்தார், போய்விட்டார்.

"ஏங்க, என் கட்டில விட்டுட்டீங்களே. கண்ணாடி போடலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் என் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"இந்த ரூம் வரலைன்னு சொன்னாங்கம்மா."

சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. அவர் போன பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை வேறு பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அங்கருந்து உங்க வேலைக்கு ரெண்டு பஸ் மாறணும். உங்களுக்குத்தான் சிரமம்."

"மூணு ரூம் இருக்கே?"

"ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு பாப்பாவுக்கு. ஒண்ணுல அவரு ஆபீஸ் வேலை பாக்கணுமாம். அதான்... சபை நடத்துற இல்லத்துல உங்களுக்கு இடம் கேட்டிருக்கோம். பாஸ்டரம்மாகூட சரின்னுட்டாங்க. அங்க ஜெபம் பண்ண நிறைய நேரம் கிடைக்கும் அண்ணி."

முதியோர் இல்லம்! எனக்கு ஐம்பத்து நாலு வயசு! பல்லு ஒண்ணுகூட விழல! ஈர பெட்ஷீட் மூட்டையை இடுப்புல தூக்கிட்டு மாடி ஏறுறேன்!

பாஸ்டரம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்து நன்றி எழுதுங்கன்னு சொல்லியிருக்காங்க.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம். வாரம் தவறாமல் முதலில் எழும்புகிறவள் நான், அதனால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். தம்பி எழுந்து, "ஆண்டவர் எங்களுக்கு வீடு கொடுத்தார்" என்றான். அல்லேலூயா என்றார்கள்.

இன்றைய நன்றி: இல்லை.

மார்ச் 10, திங்கள்

இல்லை.

மார்ச் 12, புதன்

பாப்பாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

நகத்தைக் கடித்தாள். "அப்பா, சமயம் பார்த்துச் சொல்றேன்னு சொன்னாரு அத்தை."

"எப்போ அப்படிச் சொன்னாரு?"

"கிறிஸ்துமஸ் லீவுல."

அப்படியென்றால் நான் வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்கும்போது எல்லாருக்கும் தெரியும். நான் முழங்காலில் இருக்கும்போது பக்கத்து அறையில் டிவி பார்த்துக்கொண்டு, தெரிந்தே இருந்திருக்கிறார்கள். "உபவாசமா அண்ணி? நல்லா ஜெபிங்க"ன்னு சொன்னாளே! எப்படிச் சொல்ல வந்துச்சு?

தம்பியை விடு. நீர்? உமக்கும் தெரியும்தானே ஆண்டவரே? எனக்கே குழி வெட்டச் சொல்லி என் கையில மண்வெட்டியக் கொடுத்துட்டு பாத்துட்டே இருந்தீரா? "எங்களுக்கு ஒரு வீடு"ன்னு கேட்டேன். நான் சேர்த்தியில்லன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இதையெல்லாம் எழுதலாமா, தெரியவில்லை. எழுதியாகிவிட்டது. கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

உபவாசம் இல்லை. வேண்டுமென்றே இரண்டு தடவை சாப்பிட்டேன். ருசியே இல்லை.

சலவைக் கூடத்தில் நான் வாயே திறக்கவில்லை. மத்தியானம் ஊமைக்கோட்டான் பெட்ஷீட்டின் முனையை விடாமல் அப்படியே நின்றாள்.

"என்ன, வாய்ல கொழுக்கட்டையா? காது வலிக்குது, இவ்வளவு அமைதியா இருக்கு."

சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். இவளாவது ஐயோ பாவம் என்பாள் என்று பார்த்தால், "எங்க மாடியில ஒரு ரூம் காலி. மழை பெய்ஞ்சா மூலையில ஒழுகும். வர்றியா?" என்றாள்.

"நான் ரொம்பப் பேசுவேன்."

"தெரியும். கதவு இருக்கு, சாத்திக்குவேன்."

அவளுக்குக் கோயிலும் கிடையாது, சபையும் கிடையாது. என்னை எங்கே வைக்கலாம் என்று யாரிடமும் கலந்து பேசவுமில்லை. வர்றியா என்று என்னிடமே கேட்டாள்.

இன்றைய நன்றி: கேட்டாள்.

மார்ச் 19, புதன்

இல்லத்துக்கு வரவில்லை என்று பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். "மனநிறைவா ஏத்துக்கப் பழகணும்மா" என்றார்கள். "பழகுறேன் பாஸ்டரம்மா. நீங்களும் எங்கிட்ட மறைக்காமப் பேசிப் பழகுங்க" என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

தம்பி என் அறை வாசலில் நிற்கிறான், உள்ளே வரவில்லை.

"அக்கா, சனிக்கிழமை வீட்டுப் பிரதிஷ்டை. நீதான் ஜெபம் பண்ணணும்."

என்ன தைரியம்! பாஸ்டர் இருக்கிறாரே என்றேன். "நீ ஜெபிச்சு வந்த வீடுக்கா" என்கிறான். குரல் உடைந்த மாதிரி இருந்தது. இல்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ?

போவேன். போய் ஜெபத்திலேயே ஊசி ஏற்றுவேன். எனக்கா தெரியாது? "அநாதைகளையும் விதவைகளையும் கைவிடாத ஆண்டவரே" என்று ஆரம்பித்தால் போதும், பாதிப் பேர் கண்ணைத் திறந்து அவனைப் பார்ப்பார்கள்.

மார்ச் 22, சனி

போனேன்.

நல்ல வீடு. பொய் சொல்லக் கூடாது. சமையலறையில் வெளிச்சம் கொட்டுகிறது. இப்படி ஒரு ஜன்னல் வேண்டும் என்று தம்பி பெண்டாட்டிக்காக நான்தான் கேட்டேன், பழைய சமையலறையில் பகலிலும் லைட் போட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நறுக்குவாள். கேட்டபடியே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலும் வந்தது, இன்னொன்றும் வந்தது. அந்த இன்னொன்றுக்குப் பேர் தெரியவில்லை.

கூடத்தில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். யாரோ ஒருத்தர் நாற்காலி தேடினார், என் ஜெபத்தின் நீளம் தெரிந்தவர். ஊசி தயாராக நாக்கில் இருந்தது. பாப்பா என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்ன வயதில் சபையில் நிற்கிற மாதிரி.

"ஆண்டவரே, நான் உம்மிடம் கேட்ட வீடு இதுதான். கொடுத்தீர். நன்றி. ஆமென்."

அவ்வளவுதான். கண்ணை மூடியபடியே காத்திருந்தார்கள். "அக்கா, முடிஞ்சுதா?" என்றார் பாஸ்டர். முடிஞ்சுது ஐயா என்றேன். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள், தம்பி மட்டும் திறக்கவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே நின்றான்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

மாடி அறையில் மழை. மூலையில் ஒழுகுகிறது, சொன்ன மாதிரியே. வாளி வைத்திருக்கிறேன். விடிய விடிய சத்தமாகப் பாட்டுப் பாடி ஜெபித்தேன். யாரும் டிவி சத்தத்தைக் கூட்டவில்லை. காலையில் ஊமைக்கோட்டான், "உன் ஆண்டவருக்குக் காது மந்தமா?" என்று கேட்டாள். இருவரும் சிரித்தோம்.

மே 13, செவ்வாய்

தம்பி பெண்டாட்டி போன் பண்ணினாள். வீடு மாறிய பிறகு முதல் தடவை. பாப்பா வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறாளாம், நாளைக்கு நேர்முகம்.

"நீங்க வேண்டிக்கோங்க அண்ணி. நீங்க கேட்டாக் கிடைக்கும்."

"நான் கேட்டா என்னென்ன நடக்கும்னு பாத்தவதானே நீ?"

"ஆமா அண்ணி" என்றாள். ரொம்ப மெதுவாக. போனை வைக்கவும் இல்லை.

"சரி, எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போதுதான் முழங்காலை விட்டு எழுந்தேன். பாப்பாவுக்காக முழு மனசோடு. தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் முக்கால் மனசோடு. மீதிக் காலும் வரட்டும், அவசரப்படுத்த மாட்டேன் என்று கர்த்தரிடம் சொல்லியிருக்கிறேன்.