தடைக் கட்டத்தில் ஒரு டிக்

பிப்ரவரி 24, திங்கள்

ஸ்கேல் மறுபடியும் பாஸ்வேர்டை மறந்துவிட்டார். எங்கள் ஆபீஸின் மூத்த வரைவாளர், நெட்டையான மனிதர், அதனால் ஸ்கேல். "பழசையே திருப்பிக் குடுங்கம்மா" என்கிறார். பழசு எனக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்றால் நம்ப மறுக்கிறார். புதிதாக ஒன்று வைத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார். இவர்களை வைத்துக்கொண்டு நான் பெட்டிக்குக் காவல் இருக்கிறேன்!

மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்புச் சர்வர் பெட்டிக்குள்தான் அண்ணனின் ஆபீஸ் முழுவதும் இருக்கிறது. கட்டிய கட்டடம், கட்டப்போகும் கட்டடம் எல்லாவற்றின் வரைபடமும் அதில். மாடியில் குடியிருக்கும் எங்கள் வீட்டுப் போட்டோக்களும் அதில்தான். யார் எதைத் திறக்கலாம் என்று முடிவு செய்யும் அட்மின் நான். சம்பளம் சுமார், அதிகாரம் ஜோர்.

பிப்ரவரி 27, வியாழன்

அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு பையோடு.

அவளும் அண்ணன் ஆபீஸில் வரைபவள்தான்; நூலகக் கட்டடப் போட்டிக்கு அவள் தனியாகப் போட்ட வரைபடம்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில், மாடியில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவளே போட்டது. நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தன் பெயரில் அனுப்பப் போகிறேன் என்றாள். "என் கம்ப்யூட்டர்ல வரைஞ்சது என் பேர்லதான் போகும்" என்றான் அண்ணன். அப்படியானால் நம் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததை எல்லாம் பாத்திரக் கடைக்காரன்தான் சாப்பிட வேண்டுமா?

மார்ச் 14 கடைசி நாள். வரைபடம் பெட்டியில், அவளுடைய சொந்த ஃபோல்டரில் இருக்கிறது. வேறு நகல் இல்லை. வெளியிலிருந்து பெட்டிக்குள் வர வழியும் இல்லை. பாதுகாப்புக்காக அந்த வழியை அடைத்தவள் நானே.

மார்ச் 3, திங்கள்

காலையில் அண்ணன் என் மேஜைக்கு வந்தான்.

"அவ அக்கவுன்ட்டை அழிச்சிடு."

"அழிச்சா அவங்க ஃபோல்டரும் சேர்ந்து போயிடும்ணா. நூலகப் படம் அதுக்குள்ளதான் இருக்கு."

"தெரியும்."

தெரியுமாம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நியாயத்தை விடவில்லை. அவள் ஆபீஸை விட்டுப் போயாயிற்று, ஆகவே ஆபீஸ் வேலைகளைத் திறக்கக் கூடாது. அது சரி. அவன் கண்ணெதிரே 'வரைவாளர்' குரூப்பிலிருந்து அவளை எடுத்தேன். "அவ்வளவுதான். அவங்க சொந்த ஃபோல்டர்ல நான் கை வைக்க மாட்டேன். வியாழக்கிழமை வந்து எடுத்துட்டுப் போவாங்க."

"பெட்டி என்னுது."

"பெட்டி உன்னுது. படம் அண்ணியுது."

"நீ யார் பக்கம்டீ?"

படம் யாருதோ அவங்க பக்கம் என்று சொல்லியிருக்கலாம்.

ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஏன் ஒளித்துக் கொடுக்க வேண்டும்? அவள் பொருளை அவள் முன்வாசல் வழியாக வந்து எடுக்கட்டும்.

மார்ச் 5, புதன்

என் வீம்புக்குக் கிடைத்த பரிசு: இன்று நான் அட்மின் இல்லை.

அண்ணன் தன்னை அட்மின் ஆக்கச் சொன்னான். முதலாளி கேட்கிறான், ஆக்கினேன். அடுத்ததாக, என்னை எடுக்கும் பட்டன் எங்கே என்று என்னிடமே கேட்டான். அதையும் காட்டினேன். கூச்சமே இல்லாமல் அமுக்கினான்.

எழுந்திருக்கும் முன் ஒன்றே ஒன்று சொன்னேன். "ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அனுமதின்னு ஒரு கட்டம், தடைன்னு ஒரு கட்டம். ரெண்டும் காலியா இருந்தா இன்னும் யாரும் எதுவும் சொல்லலைன்னு அர்த்தம். பின்னால குடுத்துக்கலாம். தடைல டிக் போட்டா, வேற யார் எத்தனை அனுமதி குடுத்தாலும் செல்லாது. பாத்துப் போடு."

"எனக்குப் பாடம் எடுக்காத."

எடுக்கவில்லை. போ.

மார்ச் 6, வியாழன்

அண்ணியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டான். "பூட்டியாச்சு" என்று மட்டும் சொன்னானாம். நான் அப்போது கடைக்குப் போயிருந்தேன். இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். 'அனுமதி இல்லை.' எனக்கும்! எந்த ஃபோல்டரும் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள் அறையிலிருந்து அண்ணன் குரல்: "என்னடா இது, எனக்கே தொறக்கல!"

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்ன செய்திருக்கிறான் என்று பார்க்காமலே சொல்வேன். அண்ணியின் பெயருக்கு நேரே 'குடும்பம் குரூப் வழியாக அனுமதி' என்று இருந்திருக்கும். நேரே அந்தக் குரூப்புக்குப் போய், எல்லா ஃபோல்டருக்கும் தடை போட்டுவிட்டான். அந்தக் குரூப்பில் யார் யார்? அண்ணி, நான், அம்மா, அண்ணன். பெட்டி வாங்கிய அன்று, ஆசை ஆசையாக அவனே உண்டாக்கிய குரூப்.

வரைவாளர்கள் எல்லாரும் அவரவர் பாட்டுக்கு வேலை பார்க்கிறார்கள். முதலாளி மட்டும் வெளியே.

ஒன்று மட்டும் யோசனையாக இருக்கிறது. அழிக்கச் சொன்னவன், பட்டன் கையில் வந்ததும் ஏன் அழிக்கவில்லை?

மார்ச் 7, வெள்ளி

தன் பெயருக்கு எல்லா அனுமதியும் போட்டுக்கொண்டான். திறக்கவில்லை. வரைவாளர் குரூப்பிலும் தன்னைச் சேர்த்துக்கொண்டான். திறக்கவில்லை. மவுஸைப் போட்டு அடிக்கிறான். என்னிடம் கேட்க வாய் வரவில்லை.

எந்த வரைபடம் பார்க்க வேண்டுமானாலும் ஸ்கேலின் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்கிறான். "தோள் மேல மூச்சு விடுறாரும்மா, கோடெல்லாம் கோணலாப் போகுது" என்று ஸ்கேல் என்னிடம் வந்து புலம்பினார்.

அண்ணியிடம் போனில் பேசினேன். அழுகிறாளோ என்று பயந்தேன். "எனக்காகப் போய் அவர்கிட்டக் கெஞ்சாத" என்றாள்.

கெஞ்சுவதா? நானா?

மார்ச் 8, சனி

இன்னும் ஆறு நாள். அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் அம்மா டிவியில் அப்பாவின் போட்டோக்களைப் பார்ப்பாள். அப்பா போன பிறகு வந்த பழக்கம். இன்று டிவியில் போட்டோ வரவில்லை. 'அனுமதி இல்லை' என்று வந்தது. ரிமோட்டோடு மாடிப்படி இறங்கி நேரே அண்ணன் எதிரே போய் நின்றாள்.

"யாருக்குடா அனுமதி இல்ல? எனக்கா? என் புருஷனைப் பாக்க நான் யார்கிட்ட அனுமதி வாங்கணும்?"

"அம்மா, அது அவளுக்காகப் போட்டது..."

"பொண்டாட்டி மேல கோவம்னா அவகிட்டப் போய்ப் பேசு. பேச பயமா இருந்தா சும்மா இரு. என் டிவியை ஏன் மூடின?"

திருதிரு என்று விழித்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். "கொஞ்சம் வந்து பாரேன்."

"நான் அட்மின் இல்லையே."

ஆக்கினான். பட்டனை இந்தத் தடவை அவனே கண்டுபிடித்தான்.

உட்கார்ந்து குடும்பம் குரூப்பைத் திறந்தேன். நான் நினைத்தபடியே, மேலிருந்து கீழ்வரை தடை. "அம்மாவுக்கு மட்டும் முதல்ல தொற" என்றான்.

"இந்தத் தடையை எடுத்தா நாலு பேருக்கும் தொறக்கும். எடுத்துட்டு, அண்ணி பேர்ல மட்டும் தடையைப் போட்டா அவங்க மட்டும் வெளிய நிப்பாங்க. அதுக்கும் வழி இருக்கு. எனக்குத் தெரியும். செய்ய மாட்டேன்."

"நான் சொன்னாக் கூடவா?"

"நீ சொன்னாலும். என்னைத் திரும்ப எடுத்துடு, பட்டன் எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியுமே. போட்டின்னு வந்தா நீ உன் பேர்ல ஒண்ணு வரைஞ்சு அனுப்பு. அவங்களுதைப் பூட்டி வைக்காத."

அம்மா ரிமோட்டோடு அங்கேயே நிற்கிறாள்.

மவுஸை அவன் பக்கம் தள்ளினேன். "போட்டவன் நீ. நீயே எடு."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு டிக்காக எடுத்தான்.

மார்ச் 10, திங்கள்

அண்ணி வந்தாள். முன்வாசல் வழியாக, காலை பத்து மணிக்கு, எல்லாரும் பார்க்க. ஸ்கேல் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அவளே தன் பாஸ்வேர்டைப் போட்டுத் தன் டிஸ்க்கில் நகல் எடுத்தாள். சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு படத்தைத் திறந்து பார்த்தாள்.

அண்ணன் கதவருகே நின்றிருந்தான். "மேற்குப் பக்கம் அவ்வளவு ஜன்னல் வெச்சா வெயில் அடிக்குமே" என்றான்.

"வெளிய மரம் இருக்கு" என்றாள், திரும்பாமல்.

இவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

அனுப்பியாயிற்று. அவள் பெயரில்.

மே 12, திங்கள்

பரிசு வேறு யாருக்கோ போய்விட்டது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கூடக்காரர் அண்ணியைத் தேடி வந்தார். அந்த வேலையை நம்பி ஓர் அறை எடுத்திருக்கிறாள். இரண்டு மேஜை, பெரிய ஜன்னல், மூலையில் புதுப் பெட்டி. அதற்கும் நான்தான் அட்மின். ஒரு பெட்டியில் இருப்பதை இன்னொரு பெட்டிக்காரரிடம் சொல்ல மாட்டேன் என்று இருவரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

அண்ணி பாதியில் விட்டுவந்த ஒரு வீட்டு வேலை அண்ணன் ஆபீஸில் கிடக்கிறது. அவளே முடித்துத் தர வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறார். ஆக, அந்த வேலை இனி அண்ணியின் பெட்டியில் நடக்கும்; அதைப் பார்க்க அண்ணனுக்கு இந்தப் பெட்டியில் ஓர் அக்கவுன்ட் வேண்டும். இன்று அதைப் போட்டேன். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி, அதுவும் பார்க்க மட்டும்.

"மத்த ஃபோல்டருக்கெல்லாம் தடை போட்டுடவா அண்ணி?"

பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். தடைக் கட்டம் என்ன செய்யும் என்று இந்தக் குடும்பத்தில் எல்லாருக்குமே இப்போது தெரியும்.

"வேண்டாம்" என்றாள். "காலியாவே விடு."

விட்டேன்.