இடப்பக்க ஷட்டர்

13.06.2010, ஞாயிறு

கிணற்றில் நீர் இறங்கிவிட்டது. கல்லூரியில் இந்த வருடமும் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. என்னிடம் மோட்டார் பொறிமுறை படித்தவன் எனக்கு மேலே உட்காரப் போகிறான். உட்காரட்டும்.

எழுத வந்தது அதுவல்ல. என் மகள் தக்ஷாயினி கார் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். கொழும்பிலிருந்து ஒரு கிளப் வருகிறதாம். சித்தாண்டிப் பக்கம் சிறுபோக அறுவடை முடிந்தபின் ஒரு வயல்வட்டையில் கூம்புகளை நட்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். போட்டி கடிகாரத்தோடு. ஓட்டோகுறஸ் என்று பெயர். பெண்களுக்குத் தனிப் பிரிவாம். சண்டை முடிந்து ஒரு வருடம். அதற்குள் விளையாட வந்துவிட்டோம்.

"ஆர் உனக்கு ஓடப் பழக்கினது?" என்று கேட்டேன்.

"சதீசன் மாமா."

தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

16.06.2010, புதன்

ஐந்தரை வருடமாக இந்த வீட்டில் சொல்லப்படாத பெயர் அது. என் மனைவி யசோதினியின் தம்பி. சுனாமியன்று காலை நாவலடியில் ஒரு சிநேகிதியைப் பார்க்கவென்று என் காரில் அக்காவை ஏற்றிக்கொண்டு போனவன். கடல் காரைத் தூக்கி வாவிக்குள் போட்டது. அவன் ஒரு கை முறிந்து வெளியே வந்தான். யசோ வரவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியத்தில், இனசனம் எல்லாம் இருக்க, "நீ மட்டும் எப்பிடி வந்தாய்?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பதில் இல்லை. பதில் இல்லாததே பதில் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

தக்ஷாயினிக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமனோடு கதைக்க வேண்டாம் என்றேன். கதைக்கவில்லை. இப்போது எப்படித் தொடங்கியது? கேட்டால், "நான் வேலை செய்யிற வங்கிக்கு வந்தார், கதைச்சன்" என்கிறாள்.

வீட்டுக்கு வரவேண்டாம் என்று அவனைத் தடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. யசோவின் சீதன வீடு, இப்போது மகளின் வீடு. நான் இங்கே மாப்பிள்ளையாக வந்தவன். பெண் போன பிறகும் போகாமல் இருப்பவன்.

20.06.2010, ஞாயிறு

தக்ஷாயினி ஒரு தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்தாள். ஏறாவூரில் கார் விற்கும் ஆதம்பாவாவின் வளவில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றனவாம். ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டும் இரட்டைக் கதவு. பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்துத்தான் வேறு. ஒன்று சாதா: காபரேட்டர் எஞ்சின், கையால் சுற்றும் கண்ணாடி ஷட்டர், பாரமான ஸ்டியரிங். மற்றது புல் ஒப்ஷன்: பதினாறு வால்வு எஞ்சின், பவர் ஸ்டியரிங், ஏசி, பவர் ஷட்டர்.

"எனக்குப் புல் ஒப்ஷன்தான் விருப்பம். நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க அப்பா."

காரைப் பற்றி என்னிடம் யாரும் ஏதும் கேட்டுப் பல காலம். தாளை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. கடைசி இரண்டு சொல்லை வாசிக்கும்வரை.

27.06.2010, ஞாயிறு

ஏறாவூர் போனோம். ஆதம்பாவாவுக்குத் தாடி வெளுத்துவிட்டது. வாய் அப்படியே இருக்கிறது.

"வாங்க சேர். ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளையள். ஒண்டு படிச்சி உத்தியோகம் பாக்கிது, மத்தது வயல் செய்யிது. எது வேணும்?"

"ஆதம்பாவா நானா, ஓடுறது வயலிலதானே?" என்றாள் தக்ஷாயினி. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

புல் ஒப்ஷனின் எஞ்சினைக் கேட்டேன். நல்ல எஞ்சின், பொய் சொல்லக் கூடாது. அடியில் துரு குறைவு. மற்றதில் பின் சஸ்பென்ஷன் தளர்ந்திருக்கிறது. பிறகு அந்தச் சாதா காரின் இடப்பக்கக் கதவருகே போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். கண்ணாடி முழுதாக இறங்க நாலரைச் சுற்று. ஏற்ற நாலரை. இன்னொருமுறை இறக்கினேன். தலையை நிமிர்த்தியபோது மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதம்பாவா சும்மா இருந்திருக்கலாம். "புள்ள, தொண்ணூத்தொம்பதுலயும் இப்பிடித்தான் ரெண்டு காரு இஞ்ச நிண்டிச்சி. உங்கட உம்மா, மௌத்தாப் போன அந்த மிஸ், சுத்துற ஷட்டர்தான் பழுதில்லாதெண்டு சொன்னாவு. சேர்தான் கேக்கல்ல. படிச்ச மனிசன் கையால சுத்துறதா எண்டு ஏசினாரு."

அவருக்கு அது ஒரு பகிடி.

28.06.2010, திங்கள்

ஆதம்பாவாவின் ஞாபகசக்தி நாசமாய்ப் போக.

04.07.2010, ஞாயிறு

மகளோடு வாக்குவாதம். என் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த ஓட்டத்தில் இரண்டாம் கியரைத் தாண்ட இடமே கிடைக்காது. அங்கே குதிரைவலு வீண் பெருமை. சாதா காரின் கியர் கிட்டக்கிட்ட அமைந்தது. பாரமும் எண்பது கிலோ குறைவு. கூம்பைச் சுற்றும்போது முன்சில்லுக்கு மேலே பாரம் இருந்தால் கார் வெளியே இழுக்கும். பாடம் நடத்துவதுபோல் சொன்னேன்.

அவள் விடவில்லை. "ஏசியைக் கழட்டினா அரைவாசிப் பாரம் போயிடும். பவர் ஸ்டியரிங் இல்லாம அந்தக் கூம்புகளுக்குள்ள ஒடிச்சு எடுக்க என்ர கைக்கு ஏலாது. மாமாவும் அதைத்தான் சொல்றார்."

"அப்ப ஷட்டரையும் கழட்டு."

"ஷட்டர் என்ன பாரமா அப்பா? நீங்க ஏன் ஷட்டரிலயே நிக்கிறீங்க?"

தண்ணீர் குடிக்கப் போனேன். குடிக்கவில்லை.

07.07.2010, புதன்

ஒரு வழி இருக்கிறது. அவள் புல் ஒப்ஷனையே எடுக்கட்டும். சாதா காரின் கதவிலுள்ள, கையால் சுற்றும் ஷட்டர்ப் பொறியைக் கழற்றி இதில் பூட்டிவிடலாம். பாரம் குறையும் என்று சொல்லலாம். யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. கதவுக்கு அரைமணி நேர வேலை.

அரைமணி.

09.07.2010, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியிலாவது.

தொண்ணூற்றொன்பதில் அந்தக் காரை வாங்கினேன். கல்லூரிக்குப் போய்வர நாளுக்கு நாலு செக்பொயிண்ட். ஒவ்வொன்றிலும் ஷட்டர் எல்லாம் கீழே, உள் விளக்கு எரிய வேண்டும், மெதுவாக வர வேண்டும். வெயிலிலும் மழையிலும் இறக்கி, ஏற்றி, இறக்கி, ஏற்றி. இடப்பக்கத்து மோட்டார் அதில்தான் தேய்ந்தது. சமாதான காலம் வந்து செக்பொயிண்ட் குறைந்தபோது கண்ணாடி தானாகவே சரியத் தொடங்கியிருந்தது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் அரைவாசிக்கு வந்துவிடும். யசோ மழையில் நனைவாள்.

2004 ஏப்ரலில் வயரை வெட்டிவிட்டு, கண்ணாடியை மேலே தள்ளி, கதவின் இடுக்கில் ஒரு மர ஆப்பை இறுக்கினேன். நானே சீவியது. புது மோட்டார் கிடைக்கும்வரை என்றேன். மோட்டார் மேயிலேயே வந்துவிட்டது. என் மேசை லாச்சிக்குள் கடதாசிப் பெட்டியோடு கிடந்தது. பூட்ட அரைமணி. ஆயிரம் பொடியன்களுக்கு அந்த வேலையைப் படிப்பித்தவன் நான். "எப்ப பூட்டப் போறீங்க?" என்று யசோ கேட்பாள். "பூட்டுவம்" என்பேன். கடைசியில் செக்பொயிண்டில் நின்ற ஆமிக்காரனுக்கே பழகிவிட்டது. அந்தப் பக்கம் தட்டமாட்டான்.

எட்டு மாதம்.

நாலாம் நாள் உழவு இயந்திரம் கட்டிக் காரை வாவியிலிருந்து இழுத்தார்கள். யசோவின் உடலை முதல்நாளே வெளியே எடுத்தாயிற்று. வலப்பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அதற்குள்ளால்தான் அவன் வந்திருக்கிறான். இடப்பக்கம் மூடியபடி. ஆப்பு ஒரு நூல்கூட அசையவில்லை. நல்ல வேலை! நான் செய்த வேலைகளிலேயே திறமான வேலை. பொலிஸ் வருமுன் அதைப் பிடுங்கி வாவிக்குள் எறிந்தேன்.

அதற்குப் பிறகுதான் அவனைப் பார்த்து, நீ மட்டும் எப்பிடி வந்தாய் என்று கேட்டேன்.

11.07.2010, ஞாயிறு

சொல்ல நினைத்திருக்கவில்லை. கதவுப் பொறியை மாற்றித் தருகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். அவள் சம்மதித்துவிட்டாள். அதோடு முடிந்திருக்கும். எழுந்து போகும்போது, "அப்பா, மாமாவை ஒருக்கா வீட்ட கூப்பிடுவமா? நீங்க சொன்னதை நம்பி அஞ்சு வருஷம் அவரை றோட்டில கண்டாலும் முகத்தைத் திருப்பினனான். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல கூப்பிட்டவர், நான் போகல்ல. இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. என்ன நடந்திருந்தாலும் அவர் அம்மாட தம்பிதானே" என்றாள்.

என்ன நடந்திருந்தாலும். என்ன நடந்ததென்று இவளுக்கு என்ன தெரியும்? இவள் அவனை மன்னிக்கப் பார்க்கிறாள். ஐயோ, அவனை!

சொல்லிவிட்டேன். வயர், ஆப்பு, லாச்சி, எல்லாம்.

அவள் அழுவாள் என்று இருந்தேன். அழவில்லை. "அந்த ஆப்பு என்ன மரம்?" என்று கேட்டாள்.

"வேம்பு."

உள்ளே போய்ப் பையில் உடுப்பு வைக்கும் சத்தம் கேட்டது. வாசல் படலையடியில் நின்று, "இஞ்சயே இரிங்க. வீட்டைப் பூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றாள்.

வீடு அவளுடையது. போக வேண்டியவன் நான். போனது அவள்.

12.07.2010, திங்கள்

லாச்சியைத் திறந்தேன். பெட்டி இருக்கிறது. உள்ளே மோட்டார் புதிதாகவே இருக்கிறது.

25.07.2010, ஞாயிறு

அவள் சதீசன் வீட்டில்தான் இருக்கிறாள். அவளோடு வங்கியில் வேலை செய்யும் பிள்ளை ஒன்று சொன்னது. கார் வாங்கியாயிற்றாம். எது என்று கேட்க வாய் வரவில்லை.

01.08.2010, ஞாயிறு

சதீசன் வந்தான். படலைக்கு வெளியே நின்று மணியை அடித்தான், கடிதக்காரன் மாதிரி. தலை நரைத்துவிட்டது. வலது கை முழுதாக நீளாது. அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

"உள்ளுக்கு வா."

"இல்ல அத்தான், போகணும். புள்ள நல்லா இருக்கா. அதைச் சொல்லத்தான் வந்தன்."

இருவரும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம், அவன் வெளியே, நான் உள்ளே. "சதீசன், அந்த ஷட்டர்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் அத்தான்."

"அவள் சொன்னாளா?"

"அண்டைக்கே தெரியும். தண்ணிக்குள்ள அந்தக் கண்ணாடியைத் தள்ளினவன் நான்தானே. ஆப்பு கையில பட்டுது. மறுகா அக்காட கையைப் பிடிச்சு என்ர பக்கம் இழுத்தன், கார் புரண்டுட்டு. கையும் போச்சு, பிடியும் போச்சு."

"அண்டைக்கு நான் சபையில கேக்கக்குள்ள ஏன் சொல்லல்ல?"

அவன் வீட்டைப் பார்த்தான். "சொன்னா என்ன செய்திருப்பீங்க? வாவிக்குத்தான் போயிருப்பீங்க. புள்ளைக்கு அம்மாவும் இல்ல. அப்பனும் இல்லாமப் போயிருக்கும்."

எனக்காக அல்ல. அவளுக்காக. அதையும் சொல்லிவிட்டுத்தான் போனான். திரும்பிப் போகும்போது, "வட்டையில வாற மாதம் பத்தொம்பதாம் திகதி ஓட்டம். வாறதெண்டா வாங்க. புள்ள கூப்பிடச் சொல்லல்ல. நான் சொல்றன்" என்றான்.

இத்தனை வருடம் அவன் மீது வைத்திருந்ததை எல்லாம் இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

05.09.2010, ஞாயிறு

சித்தாண்டிக் கோயிலில் திருவிழாக் கூட்டம் என்கிறார்கள். நான் எங்கும் போகவில்லை.

19.09.2010, ஞாயிறு

போனேன். பஸ்ஸில்.

வட்டை முழுவதும் அறுத்த நெல்லின் ஒட்டுத்தாள். வரம்புகளைத் தட்டி மட்டமாக்கியிருந்தார்கள். செம்மஞ்சள் கூம்புகள். கொழும்புப் பொடியன்கள் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் சதீசனின் பக்கத்தில் இடம் இருந்தது. நின்றேன். அவன் குடையை என் பக்கம் சரித்தான். மற்றக் கையில் கடிகாரம்.

அவள் எடுத்திருந்தது சாதா கார். காபரேட்டர், பாரமான ஸ்டியரிங்.

"புல் ஒப்ஷன் எடுக்கச் சொன்னன், கேக்கல்ல. மூண்டு கிழமையா உள்ளங்கை எல்லாம் கொப்புளம்" என்றான் சதீசன்.

தொடக்கக் கோட்டில் நின்றாள். தூசிக்காக ஷட்டர்களை ஏற்றச் சொன்னார்கள். வலப்பக்கத்தை ஏற்றினாள். பிறகு வெற்று இருக்கைக்கு மேலே சாய்ந்து இடப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். ஏற்கெனவே மேலே இருந்த கண்ணாடி. அதை முழுதாகக் கீழே இறக்கினாள். பிறகு முழுதாக மேலே ஏற்றினாள். கொடி பிடித்தவன் காத்துக்கொண்டு நின்றான். இறக்க நாலரை, ஏற்ற நாலரை. நான் எண்ணினேன். பக்கத்தில் சதீசனின் உதடும் அசைந்தது.

ஓடினாள். ஒரு கூம்பு விழுந்தது. கடைசித் திருப்பத்தில் கார் சறுக்கி, நிமிர்ந்து, தூசிக்குள் மறைந்து வெளியே வந்தது.

காரைக் கயிற்றடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள், இடப்பக்கம் எங்களைப் பார்க்க. மீண்டும் சாய்ந்து கைப்பிடியைச் சுற்றினாள். கண்ணாடி இறங்கியது. கையில் துணி சுற்றியிருந்தாள். முகம் முழுவதும் மண்.

"மாமா, எவ்வளவு?"

அவன் நேரத்தைச் சொன்னான். அவள் தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். பத்துக் கிழமைக்குப் பிறகு. அவள் தாயின் கண். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

அவள் கியரைப் போட்டாள். இடப்பக்க ஷட்டரை ஏற்றாமலே போனாள்.