கிட்டங்கிக்குள் முதலில் போனவருக்கு

நானா,

நேற்று ஆஸ்பத்திரியில் எனக்கு டிரிப்ஸ் போட வந்த நர்ஸ் குழாயின் உறையைக் கிழித்தாள். இதையெல்லாம் கொதிக்க வைத்துத்தான் சுத்தம் செய்வீர்களா என்று சும்மா கேட்டு வைத்தேன். "பிளாஸ்டிக் உருகிடும் தாத்தா. எத்திலீன் ஆக்சைடுன்னு ஒரு கேஸ், அதுல வச்சுத்தான் கிருமியைக் கொல்றாங்க. அப்புறம் நல்லா காத்தாட விட்டு அனுப்புவாங்க" என்றாள். ஊசி ஏறியதே எனக்குத் தெரியவில்லை. நாம் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கிக்குப் பிரெஞ்சுக் கப்பலில் வந்த சிலிண்டரிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. வாயில் நுழையாமல் நாம் அதை 'மருந்து' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த கடைசி வருஷங்கள். சீமைக்குப் போகும் மிளகிலும் மல்லியிலும் வண்டு இருக்கக்கூடாதென்று, சாயங்காலமே கிட்டங்கியை அடைத்து மருந்தைத் திறந்துவிடுவார்கள். காலையில் கதவைத் திறந்ததும், மருந்தின் இனிப்பான வாடை போய்விட்டதா என்று ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். மூட்டையின் வாயில் மூக்கை வைத்தே எந்த வருஷத்து மல்லி என்று சொல்பவர் நீங்கள். அதனால் அந்த வேலை உங்களுக்கே வந்தது. என்னைவிட மூன்றே மாதம் மூத்தவர், அதற்கே அண்ணன் முறை கொண்டாடி என்னை 'நானா' போட வைத்த ஆள்! உள்ளே போய்விட்டு வந்து, புடைக்க வந்த பெண்களைப் பார்த்து, "வாங்க வாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி வாசல்லயே நிக்கிறீங்க?" என்பீர்கள். அந்தக் குரலுக்கு இன்றும் ஏங்குகிறேன், நானா.

ஒரு மத்தியானம் உங்கள் தூக்குவாளியில் இருந்த மீன்குழம்பு ஊசிப்போயிருந்தது. பத்தடி தள்ளியிருந்த எனக்கே குமட்டியது. நீங்களோ ரசித்துப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். ஓடிவந்து பிடுங்கினேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினீர்கள்.

"மூணு மாசமா ஒரு வாசமும் தெரியல தம்பி. மொதலாளி காதுக்குப் போனா என் பொழப்பு போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத."

"அப்ப தெனமும் எப்படிப் பாத்துச் சொல்றீங்க?"

"மூக்கு போனா என்ன, தலை இருக்குல்ல? நூறு எண்ணுற வரைக்கும் உள்ள நிப்பேன். தலை வலிச்சா, வயித்தப் பொரட்டுனா மருந்து இன்னும் கெடக்குன்னு அர்த்தம். வெளிய வந்து வாந்தி எடுத்துட்டு, செத்த பொறுத்து மறுபடி போவேன்." உடனே சிரித்தீர்கள். "மூக்கு இருக்குற வரைக்கும் சளின்னு சொல்லுவாங்க. எனக்கு இனிமே அந்தக் கவலையும் இல்ல."

நானும் சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பொய். உங்களை நீக்கினால் அடுத்து உள்ளே போக வேண்டியவன் நான். எனக்குப் பயம். நீங்கள் உள்ளே நின்று எண்ணிக்கொண்டிருந்தபோதெல்லாம், நான் வெளியே வேப்பமரத்தடியில் நல்ல காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நீங்கள் வெளுத்தீர்கள். லேசாக இடித்துக்கொண்டாலே உடம்பில் நீலம் பாய்ந்தது. ரத்தம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர், காரணம் அவருக்கும் தெரியவில்லை. நீங்கள் மௌத்தானபோது உங்களுக்கு முப்பதுகூட ஆகவில்லை. உங்கள் ஊரான திருமலைராயன்பட்டினம் வரை நடந்தே வந்தேன். உங்கள் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானப்பா அவன்கூடவே இருந்த?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று அந்த நர்ஸிடம் எல்லாவற்றையும் கேட்டேன். வருஷக்கணக்கில் அந்தக் காற்றை இழுத்தால் ரத்தப் புற்றே வரலாமாம். வாசம் மூக்குக்கு எட்டினாலே அளவு மீறிவிட்டதென்று அர்த்தமாம். அப்படியானால் உங்கள் மூக்கு நன்றாக இருந்திருந்தாலும் உங்களைக் காப்பாற்றியிருக்காது. உங்கள் நோய் அதனால்தான் வந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் ஆறுதலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"நில்லுங்க நானா, இன்னைக்கு நான் போறேன்." கதவு திறந்த ஒவ்வொரு காலையிலும் இது என் தொண்டை வரை வந்தது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.