பிளக்கில் பச்சைப் புள்ளி

ஜூன் 11, செவ்வாய்

கச்சான் காற்று. கராஜ் முழுக்க மண். பாலாவிச் சந்தியில் ஒரு கடையின் தகரம் பறந்ததாம்.

ஹாஜியாரின் ஸ்போர்ட்ஸ் கார் திரும்பவும் வந்துவிட்டது. பழைய இரண்டு சீட் சிவப்புச் சனியன். போன மாதம்தான் முழுக்கப் பார்த்துக் கொடுத்தேன். புது ஸ்பார்க் பிளக் நாலு, என் கையால் போட்டது. இப்போது பாரத்தில் இழுக்கும்போது மிஸ் அடிக்கிறதாம். கண்டக்குழியில் அவருடைய லொட்ஜிலிருந்து புத்தளம் வரும் வழியெல்லாம் தும்மல்.

சாவியைத் தரும்போது சிரித்துக்கொண்டே ஒரு கதை: "நல்ல சாமான் எல்லாம் உள்ளுக்க இருக்கா, இல்ல மாறிட்டுதா?"

விளங்காத மாதிரி நின்றேன். ஏன் நின்றேன்? சாவியை அவர் காலடியில் வீசியிருக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்து பார்த்தேன். நின்ற இடத்தில் எவ்வளவு முறுக்கினாலும் ஒரு குறை இல்லை. நல்ல பிள்ளை.

பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க மறந்துவிட்டேன். பெண்சாதி சிஹானாவிடம் ஏச்சு.

12, புதன்

காற்று இன்னும் மோசம்.

பெற்றோல் ஃபில்டர் – மாற்றியது. கார்பரேட்டர் – கழற்றிக் கழுவியது. பொயின்ட் – சரி. கொயில் – வேறொன்று போட்டுப் பார்த்தது. பிளக் – நான் போட்டது, புதுசு. பார்க்கத் தேவையில்லை.

பாரத்தில் வைத்துப் பார்க்க இந்தப் பக்கத்தில் ஒரு ஏற்றம் உண்டா? கண்டி மலைக்கா கொண்டு போவது? கற்பிட்டி ரோட்டில் நுரைச்சோலை வரை விட்டேன். ஒன்றுமில்லை. திரும்பி வந்தால் தும்மல், வெடி, உதறல். அதே ரோட்டு, அதே கியர். ஓரத்துத் தென்னைகளைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது. போகும்போது காற்று முதுகில். வரும்போது முகத்தில். கச்சான்தான் எனக்கு ஏற்றம். அப்போ ஹாஜியார் சொன்ன கோளாறு உண்மை. அதுவும் எரிச்சல்.

பின்னேரம் பாரூக் வந்து, பாதி வேலையில் நின்ற தன் திரீவீலைத் தள்ளிக்கொண்டு போனான். "வேற இடத்துல பாக்குறன் நானா." வாயில் அண்ணன் முறை, கண் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் சிஹானா சொன்னாள். பள்ளிவாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் ஹாஜியார் கதைத்தாராம்: "அகதிக்காரன்ட கையில நல்ல சாமானக் குடுத்தா இப்பிடித்தான். களவெடுத்துட்டு பழசப் போட்டுட்டான்."

ஏழு வயதில் மன்னாரிலிருந்து போட்டில் வந்து கற்பிட்டியில் இறங்கியவன் நான். என் பிள்ளைகள் இரண்டும் புத்தளம் ஆஸ்பத்திரியில் பிறந்ததுகள். இன்னும் அகதி. இப்போது கள்ளனும்.

சோற்றுச் சட்டியைத் தள்ளிவிட்டேன். சிஹானா அதை எடுத்து மூடி வைத்தாள்.

13, வியாழன்

காலையில் முதல் வேலை பிளக். நான் போட்டதென்ற திமிரில் நேற்றே கழற்றாமல் விட்டதற்கு என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் போடுகிற பிளக் எல்லாவற்றிலும் வெள்ளைப் பீங்கானில் ஒரு பச்சைப் பெயின்ட் புள்ளி வைப்பேன். மூடி போட்டால் தெரியாது. இரண்டில் புள்ளி இருக்கிறது. இரண்டில் இல்லை. அந்த இரண்டும் கரி, எண்ணெய். ஒன்றில் பீங்கான் வெடிப்பு. சும்மா நிற்கும்போது அது தாங்கும், இழுக்கச் சொன்னால் நெருப்புப் பொறி வெடிப்பு வழியே ஓடிவிடும். மூக்கில் பிடித்தேன். மண்ணெண்ணெய்.

கார் மண்ணெண்ணெய் குடிக்காது. போட் எஞ்சின் குடிக்கும்.

வேறு இரண்டு பிளக் போட்டு, காரைக் காற்றுக்கு எதிரே விட்டேன். ஒரு தும்மல் இல்லை. சந்தோஷம் வரவில்லை. நேரே கண்டக்குழி.

லொட்ஜ் போட்டை ஓட்டுவது ஹாஜியாரின் மச்சான் இர்பான். கரையில் இழுத்துப் போட்டிருந்தது. கேட்கவில்லை, எஞ்சின் மூடியைத் தூக்கினேன். இரண்டு பிளக். இரண்டிலும் என் பச்சைப் புள்ளி.

இர்பான் மண்ணைப் பார்த்தான். "போட் ஸ்டார்ட் ஆகல்ல நானா. வெள்ளக்காரங்க காத்துக்கொண்டு நின்டாங்க. கார் பக்கத்துல நின்டிச்சி."

ஹாஜியார் என் தோளில் கை போட்டார். "சரி விடுங்க. நம்ம பொடியன்தானே, அவசரத்துக்கு மாத்திட்டான். வீட்டுக் கதை வெளிய போக வேணாம்."

அவன் எடுத்தால் மாற்றினது. நான் எடுக்காமலே களவு.

கையைத் தட்டிவிட்டேன். "நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, எந்தக் கடையில சொன்னீங்களோ அந்தக் கடையிலயே சொல்லுங்க."

"ஓம், ஓம், சொல்றன்."

கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸில் வந்தேன். காரிலிருந்து கழற்றிய போட் பிளக் இரண்டும் என் சேர்ட் பையில்.

14, வெள்ளி

சேர்ட்டில் கரி போகவில்லை. சிஹானா சவர்க்காரம் போட்டு உரசுகிறாள்.

ஜும்ஆ முடிந்து ஹாஜியார் தேத்தண்ணிக் கடைக்கு வந்தார். சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார்: "கார் சரியாயிட்டுது. பிளக்லதான் பிழை."

அவ்வளவுதான். தேத்தண்ணியை ஊதத் தொடங்கினார். பிளக் போட்டது யார்? நான். எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். கள்ளன் என்ற பேரோடு இப்போது கைவேலை தெரியாதவன் என்ற பேரும்.

பிளக் இரண்டையும் எடுத்து அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதுகள் எங்க இருந்து வந்த பிளக் என்டும் சொல்லுங்க ஹாஜியார்."

அவர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மீன் கொண்டுவருகிற சூசை அண்ணன்தான் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"இது போட் பிளக். மண்ணெண்ணெய் மணக்குது. கார்ல ஆரு கொண்டுபோய்ப் போட்டது?"

யாரோ சிரித்தார்கள். கண்டக்குழியில் அந்தக் கார் பக்கத்தில் யாருடைய போட் நிற்கிறதென்று இந்தக் கடைக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஹாஜியார் தேத்தண்ணியைப் பாதியில் விட்டு எழும்பிப் போனார்.

மன்னிப்பு? ஒரு சொல் இல்லை.

15, சனி

காற்று கொஞ்சம் குறைவு.

பாரூக் திரீவீலோடு வந்து நிற்கிறான். ஒன்றும் நடக்காத மாதிரி. "மிச்ச வேலையை முடிச்சித் தாங்களேன் நானா."

துரத்தத்தான் நினைத்தேன். சாவியை வாங்கினேன். பழைய பிளக்கைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். புதியதில் புள்ளி வைத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"என்ன நானா இது, உங்கள எனக்குத் தெரியாதா?"

"பார்" என்றேன். "நல்லாப் பார்த்துட்டுப் போ."